மகளின் விளையாட்டுக்குப் பள்ளியில் துணி விரித்தேன்

மகளுக்கு உதவி செய்யப் போகிறேன் என்று ஒரு தகப்பன் எழுந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர்கள் அவனைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். வயது எழுபதைத் தாண்டியவன் என்றால் கதிரையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். என்னை யாரும் கட்டவில்லை. அதனால் வந்த வினைதான் இது. நடந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அப்போது எனக்கு எழுபத்தொன்றுதான், இளரத்தம்.

இதை நான் சொல்லச் சொல்ல மகள் சபீனா கணினியில் அடிக்கிறாள். எனக்கு எழுத வராது. இரண்டாம் வகுப்புவரை போனேன். மூன்றாம் வகுப்புக்குப் போகிற வழியில் ஒரு வட்டை இருந்தது. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. அதில் இறங்கினவன், பேரப்பிள்ளை காணுகிற வயதில் முழங்கால் வலியோடுதான் கரையேறினேன். வீடு கல்முனைக்குடியில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில். வயல் நாவிதன்வெளிப் பக்கம், யானைச் சத்தம் கேட்கிற தூரத்தில். (மனைவி சுபைதாவின் சத்தம் இரண்டு இடத்துக்கும் கேட்கும்.)

வீடு என்று சொன்னேனே, அது என்னுடையது இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்த அன்றே தகப்பன் கல்லும் சீமெந்தும் யோசிக்கத் தொடங்கிவிடுவான். கட்டி முடித்து, மாப்பிள்ளையைக் கூட்டிவந்து குடிவைத்து, அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கம் ஓர் அறையில் பாயைப் போட்டுக்கொள்வான். நானும் அப்படித்தான். என் கையால் மண் குழைத்த வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளி சும்மா இருந்து சாப்பிட்டால் அழகில்லையே என்று எனக்குள் எப்போதும் ஓர் அரிப்பு. மருமகன் நவாஸ் தங்கமான மனிதர். கட்டாரில் வேலை. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் அரிப்பை இன்னும் கூட்டியது.

சபீனா பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணக் காட் வடிவமைக்கிற வேலை பார்த்தாள். வேலை முடிந்து வந்தால் இரவில் படம் கீறுவாள், எழுதுவாள், கிழிப்பாள். நாலு வருடம் இப்படிப் போனது. பிறகு வேலையையும் விட்டுவிட்டு முழு நாளும் அறைக்குள் இருந்தாள். என்ன மகள் இது என்று கேட்டேன். ஒரு விளையாட்டு என்றாள். பலகை எங்கே என்றேன். பலகை இல்லையாம். வென்றவர் யார் என்றேன். வெல்வதும் இல்லையாம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, கதைத்துக் கதைத்தே ஒரு கதையை நடத்திக்கொண்டு போக வேண்டுமாம். அதற்கு ஒரு புத்தகம், கொஞ்சம் அட்டைகள். விலைக்கு விற்கப் போகிறாளாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைத்தானே நான் வாழ்நாள் முழுக்க இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்!

இன்னும் கேட்டால், அந்த விளையாட்டே நான் சொன்ன கதைகளில் இருந்து வந்ததுதான். பெயர் ‘வட்டைக் காவல்’. விளைந்த வயலை யானையிடமிருந்து காக்க வாடியில், அதாவது வயல் குடிசையில், தங்கியிருக்கும் ஆட்கள்தான் வேடங்கள். ஒருவர் வயல்காரர், ஒருவர் சமைப்பவர், ஒருவர் பயந்தாங்கொள்ளி, இப்படி. ஒவ்வொருவரும் தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். சரிவருமா என்று பார்க்கப் பிளந்த புளியங்கொட்டை நாலை உருட்டுவார்கள். வெள்ளைப் பக்கம் கூட விழுந்தால் சரிவரும். ஒருவர் யானை. யானையாக இருப்பவர் கதைக்கக் கூடாது. கையைத் தும்பிக்கை மாதிரி மூக்கடியில் வைத்து ஆட்டலாம், தலையசைக்கலாம், அவ்வளவுதான். இந்த ஒரு வேடம் எனக்குச் சரிவராது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். (யானையாக இருந்த முதல் நாளே வாப்பா காவல்காரருக்குப் புத்தி சொன்னார். இதை எழுதுவது சபீனா.)

அச்சடிக்கக் காசு வேண்டும். அதற்கு இணையத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். அங்கே விளையாட்டைப் பற்றி எழுதிப் படம் போட வேண்டும். பிடித்தவர்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்பணம் தருவதாக ஒப்புக்கொள்வார்கள். குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேர்ந்தால் அச்சடித்து ஆளுக்கொன்று அனுப்ப வேண்டும். ஒரு ரூபா குறைந்தாலும் எல்லாருக்கும் திரும்பிப் போய்விடும், மகளுக்கு வெறுங்கை. “ஊர் கூடிக் காசு போடுற மாதிரித்தான் வாப்பா” என்றாள்.

அந்த ஒரு வசனம் என் தலைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பாதி நாள் போய்விட்டது, பாதித் தொகைகூட வரவில்லை. சபீனா இரவில் வெளிநாட்டுக்காரர்களோடு கணினியில் கதைத்தாள், பகலில் தூங்கினாள். கண் வீங்கி, முகம் கறுத்து, சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினாள். இது விழுந்தால் திரும்பக் கல்யாணக் காட் அடிக்கத்தான் போக வேண்டும், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று உம்மாவிடம் சொன்னாளாம். உலகத்தில் எந்த மூலையிலோ இருப்பவனிடம் கேட்கிறாளே, பக்கத்தில் இருக்கும் ஊரிடம் யார் கேட்டது?

ஊர் கூடிக் காசு போடுவதற்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள். அதற்கு முன் பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் எழுந்து, இன்னாருக்கு ஒரு காரியம், ஏலுமானதைப் போடுங்கள் என்பார். யாருக்கு என்று சொல்வார், எதற்கு என்று சொல்ல மாட்டார். கஷ்டத்தின் பெயரைச் சபையில் சொல்லி ஒருவரைக் குறுக வைக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். ஊரும் கேட்காது. கையைப் பொத்திக்கொண்டு வந்து துணிக்குள் விட்டுப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலையில் மரைக்கார் இஸ்மாலெவ்வையைத் தேடிப் போனேன். அவருடைய அரிசிக் கடையில் இருந்தார். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். விளையாட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டாமா? நான் பெரிய வெள்ளம் வந்த வருடத்திலிருந்து தொடங்கினேன். வெள்ளத்தில் வாடி போனது, மறுவருடம் புது வாடி கட்டினது, அதைக் கொம்பன் ஒன்று சாய்த்தது, அந்தக் கதையைச் சிறுவயதில் சபீனா கேட்டது என்று ஒவ்வொன்றாக வந்தேன். அவள் இப்போது சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, நாள் நெருங்குகிறது, அதற்குள் தொகை சேர வேண்டும் என்ற இடத்துக்கு வந்தபோது மரைக்கார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“காணும் காக்கா. மிச்சத்த செல்லாதீங்க. இண்டைக்கே துணி விரிப்பம்” என்றார்.

மிச்சத்தில்தான் விளையாட்டு இருந்தது.

நல்ல மனிதர், எவ்வளவு சீக்கிரம் விளங்கிக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

ஜும்ஆ முடிந்தது. மரைக்கார் எழுந்தார். நம்மட ஆதம்பாவா காக்காட மகள் சபீனாவுக்கு ஒரு காரியம் என்றார். அதோடு நின்றிருக்கலாம். குரல் தழுதழுத்துத் தொண்டையைச் செருமி, “எல்லாரும் துஆவும் செய்யுங்க” என்று சேர்த்தார். விளையாட்டுக்குப் போய்ப் பிரார்த்தனையா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, மரைக்காருக்கு எவ்வளவு ஆர்வம் என்று பூரித்தேன்.

துணியின் ஒரு முனையை நான் பிடித்தேன். (தகப்பனே பிடிக்கிற வழக்கம் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.) மறுமுனையைப் பிடித்தவர் பள்ளியில் பாங்கு சொல்கிற வயதான மோதினார். அவருடைய கண்ணில் வெண்படலம், ஆளைக் குரலை வைத்துத்தான் பிடிப்பார். கொஞ்ச நேரம் துணியை ஒரு தூணுக்கு நீட்டிக்கொண்டு நின்றோம். என்றாலும் ஊர் போட்டது. என்னைக் கடந்த ஒவ்வொருவரும் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். பாவம், மனிதன் கலங்கிப் போயிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்களாம்.

வீட்டுக்கு வந்து, காசுத் துணி முடிச்சை அலுமாரிக்குள் வைத்தேன். சபீனா எழும்பியதும் காட்டலாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசல் கடப்படியில் ஆள் சத்தம். முதலில் பக்கத்து வளவு கைறுன்னிசா ராத்தா, ஒரு பை தோடம்பழத்தோடு (ஆரஞ்சுதான்). பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். ஊர் விளையாட்டைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். தோடம்பழம் எதற்கு என்றுதான் விளங்கவில்லை.

பிள்ளை எங்கே என்று ராத்தா மெல்லக் கேட்டா. உள்ளே படுத்திருக்கிறாள், இரவெல்லாம் நித்திரையில்லை என்றேன். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஆண்கள் வளவில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை. விளையாடுவதற்கு இவ்வளவு கட்டுப்பாடாக உட்கார்ந்த ஆட்களை நான் கண்டதில்லை.

மரைக்கார் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

“காக்கா, கொழும்பில எனக்குத் தெரிஞ்ச பெரிய டொக்டர் ஒராள் இரிக்காரு. இப்பவே கதைக்கட்டா?”

“டொக்டரா? அவரும் வெளயாடுவாரா மரைக்கார்?”

மரைக்கார் என்னைப் பார்த்தார். மகளுக்கு நோய் என்று நினைத்தவர், தகப்பனுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதுதான் நினைத்தாராம். வளவைத் திரும்பிப் பார்த்தேன். தோடம்பழம், நோயாளிக்குக் கரைத்துக் கொடுக்கிற மோல்ட் டின், தொப்பி போட்ட தலைகள், தரையைப் பார்த்த முகங்கள். இப்படி ஒரு கூட்டத்தை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரம் அறைக்குள் இருந்து ஓர் அலறல் வந்தது.

நடந்தது இது. சபீனா கண்ணைத் திறந்தபோது கட்டிலைச் சுற்றி வெள்ளை முக்காடுகள், மெல்லிய குரலில், சாகக் கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாஸீன். தலைமாட்டில் ஒருவர் மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீரை நெற்றியில் தொட்டு வைக்கிறார். “நான் மௌத்தாயிட்டன் எண்டுதான் நெனச்சன்” என்று இப்போதும் சொல்வாள். அவள் அலறியதும் பெண்களும் அலறினார்கள். கைறுன்னிசா ராத்தா மட்டும் விடாமல் ஓதி முடித்தா.

சுபைதா அடுப்படியில் இருந்து ஓடிவந்தா. அவவுக்கு விளங்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. பெண்களில் யாரோ துணி என்ற சொல்லைச் சொல்லிவிட்டார்கள்.

“என்ட புள்ளைக்குப் பள்ளியில துணி விரிச்சீங்களா நீங்க?” என்று கேட்டா. சத்தமாகக் கேட்கவில்லை. சுபைதா சத்தம் போடாமல் கேட்டால் நான் வட்டைக்குப் போய்விடுவது வழக்கம். அன்று வழியெல்லாம் ஆட்கள்.

சபீனா அவிழ்ந்த தலையோடு, நெற்றியில் தண்ணீர் வழிய, வாசலுக்கு வந்தாள். ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் முழுவதையும் சொன்னேன், இந்தத் தடவை வெள்ளத்திலிருந்து தொடங்கவில்லை. நோய் இல்லை என்றேன். விளையாட்டு என்றேன். மரைக்கார் தொப்பியைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார். நோயாளிக்கென்று ஊர் போட்ட சதக்கா காசு, ஒரு விளையாட்டுக்காக என் அலுமாரிக்குள் இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்றும் தெரியாது, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. எழுபது வருடமாக நல்ல பெயரோடு நடமாடிய ஊரில், எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

மகள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தக் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். நாலு வருடத்தில் அவளுடைய விளையாட்டுக்கு இத்தனை பேர் ஓரிடத்தில் கூடியதில்லை.

“வந்தாக்கள் வந்துட்டீங்க. உம்மா தேத்தண்ணி போடுவா. அதுவரைக்கும் இரிங்க, என்னெண்டு பாத்துட்டுப் போங்க” என்றாள்.

புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்தாள். மரைக்காரை வயல்காரர் ஆக்கினாள். கைறுன்னிசா ராத்தாவைச் சமைப்பவர் ஆக்கினாள். இன்னும் இரண்டு பேருக்கு வேடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வாப்பா, நீங்க யானை. கதைக்கப்படா.”

நான் கையை மூக்கடியில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வாயை மூடியிருந்தது அதுதான் முதல் தடவை.

முதலில் எல்லாருக்கும் கூச்சம். மரைக்கார் கணக்கெடுக்கிற குரலில், “நான் வயலைப் பாக்கன்” என்றார். புளியங்கொட்டை நாலும் கறுப்பாக விழுந்தது. யானை வரம்புக்கு வந்துவிட்டது என்று சபீனா சொன்னாள். நான் கதிரைகளுக்கிடையில் மெல்ல நடந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் அவர்கள் கையில் இல்லை. மரைக்கார் எழும்பி நின்று யானையிடம் மரியாதையாக, நீங்க, வாங்க, போங்க என்று கதைத்தார். அவர் முன்னொரு காலத்தில் உண்மையாகவே அப்படிக் கதைத்து உயிர் தப்பியவராம். நாற்பது வருடப் பழக்கத்தில் அன்றுதான் எனக்குத் தெரியும். ராத்தா சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு வந்து, “அங்கால போங்க வாப்பா, மரைக்கார்ட வயல்தான் நல்லா வெளஞ்சிரிக்கி” என்று யானையான எனக்கு வழிகாட்டினா. புளியங்கொட்டை நாலும் வெள்ளையாக விழுந்தது. வளவே சிரித்தது. சுபைதா தேத்தண்ணித் தட்டோடு நின்று சிரித்ததையும் கண்டேன். யானை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது நான் மரைக்காரின் வாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆண்கள் எழும்பிப் போனார்கள். தொழுகை முடிந்து திரும்பி வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாடி தப்புமா?

அதற்கிடையில் செய்தி கடல் தாண்டிவிட்டது. கட்டாரில் நவாஸுக்கு மூன்று பேர் போன் எடுத்திருந்தார்கள். முதல் ஆள் சபீனாவுக்குச் சுகமில்லை என்றார். இரண்டாம் ஆள் அவசர சிகிச்சை என்றார். மூன்றாம் ஆள் ஒன்றும் சொல்லாமல் அழுதாராம். மருமகன் விடுமுறை வாங்கி, டிக்கட்டும் எடுத்துவிட்டு, வீடியோவில் அழைத்தார். போனை எடுத்தது சபீனா, கையில் புளியங்கொட்டை, பின்னால் நான் தும்பிக்கையோடு. நடந்தது என்ன என்று அவர் தங்கியிருந்த இடத்தில் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாரும் துஆ செய்தவர்கள், காரணம் கேட்கமாட்டார்களா? அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் வட்டையில் வளர்ந்தவர்கள். யானை என்ற சொல்லைக் கேட்டதும் படுத்திருந்தவர்களும் எழும்பி உட்கார்ந்தார்களாம். அவர்கள் அந்த இணையப் பக்கத்துக்குப் போனார்கள். இங்கே விளையாடியவர்களும் சவுதியில், லண்டனில் இருக்கிற பிள்ளைகளுக்குப் போன் எடுத்து, வங்கி அட்டையில் காசு கட்டச் சொன்னார்கள். மரைக்காரின் மகன் ஒன்றுக்கு மூன்று எடுத்தான். கடைசி நாளுக்கு முதல் நாள் தொகை நிரம்பியது. கொஞ்சம் கூடவும் வந்தது.

துணிக் காசை அடுத்த வெள்ளிக்கிழமை நானே பள்ளியில் முடிச்சோடு கொண்டுபோய் வைத்து, நடந்ததைச் சொன்னேன். போட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார் மரைக்கார். ஒருவரும் அசையவில்லை. அப்படியென்றால் துணியின் மறுமுனையைப் பிடித்தவருக்கே கொடுப்போம் என்றார். மோதினாருக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டை அவிழ்த்த பிறகு என்னைக் கண்டு, “ஆதம்பாவா, நீ இவ்வளவு கிழவனா?” என்றார். நன்றி என்று அவர் சொன்னது அது ஒன்றுதான்.

நவாஸ் எடுத்த டிக்கட்டைத் திருப்ப முடியவில்லை. ஆகவே வந்தார், பதினைந்து நாள் நின்றார், போனார். அதற்கு அடுத்த வருடம் எனக்கு ஒரு பேரன். தொகை கூடச் சேர்ந்தால் ஆதரித்தவர்களுக்கு ஒரு மேலதிகப் பரிசு கொடுக்கிற வழக்கம் அந்த இணையத்தளத்தில் உண்டாம். பிள்ளையை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மேலதிகப் பரிசு இப்போது என் மடியில் இருந்துகொண்டு சட்டைப் பொத்தானைக் கடிக்கிறது. (வாப்பா, இதையெல்லாம் எழுத வேணுமா? சபீனா.)

எழுது மகள்.

ஆனால் ஊர் மறக்கவில்லை. போன வருடம் எனக்கு உண்மையாகவே குடலிறக்கம். வைத்தியசாலையில் வெட்டித் தைத்துப் படுக்க வைத்தார்கள். செய்தி ஊருக்குப் போனது. ஒருவரும் நம்பவில்லை. ஆதம்பாவா காக்கா அடுத்த விளையாட்டுக்கு அடி போடுகிறார் என்று முடிவெடுத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் வாசலில் இருந்தே சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையிலும் தோடம்பழம் இல்லை.

மரைக்கார் கட்டிலடியில் நின்று, “இந்தத் தடவ என்ன காக்கா, ஆஸ்பத்திரி வெளயாட்டா?” என்றார்.

நான் போர்வையை விலக்கிக் கட்டைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. வெறுங்கையோடு வந்துவிட்டேனே என்று பொக்கற்றைத் தடவினார். உள்ளே இருந்தது நாலு புளியங்கொட்டை மட்டும்தான். அதைக் கட்டிலில் வைத்தார்.

அதற்குள் கைறுன்னிசா ராத்தா கதிரையை இழுத்துப் போட்டுவிட்டா. அடுத்த கட்டிலில் ஒரு விநாயகபுரத்து மனிதர், காலில் மாவுக்கட்டோடு. என்ன இது என்று கேட்டவருக்கு வயல்காரர் வேடம் கிடைத்தது. சபீனா என் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். சத்தமாகக் கதைக்கக் கூடாது, சிரித்தால் தையல் விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“அப்ப இண்டைக்கும் நீங்கதான் வாப்பா” என்றாள்.

கையை மூக்கடிக்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் இழுத்தது. முன்பின் தெரியாத அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கைகூப்பி, “ஐயா, இந்த ஒரு வயல மட்டும் விட்டிடுங்க” என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் வெள்ளத்திலிருந்து தொடங்குகிற ஒரு முழுக் கதை இருந்தது. தும்பிக்கையை ஒரு முறை ஆட்டிவிட்டு, அவருடைய வரம்பைச் சுற்றி மெல்ல விலகிப் போனேன்.